குரோகியைக் கொல்லச் சொல்கிறார்கள்

மார்ச் 4, மோஜி

மழை. படப்பிடிப்பு இல்லை. ஒரிஹாரா அம்மாவின் போன் மட்டும் தவறவில்லை. தயாரிப்பாளருக்கு மழை விடுமுறை கிடையாது போலும்.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். என் படத்தில் குரோகி கூலிக்குக் கொலை செய்கிறவன். இசாகா மருந்துக்கடைக்காரன், ஒரு கொலையைப் பார்த்த சாட்சி. அவனைக் கொல்லப் போன குரோகி அவனையே காதலித்துவிடுகிறான். கடைசியில் இருவரும் கப்பலேறி ஒசாகா போகட்டும். உயிரோடு.

"ரௌடிப் படம். அதுல ரெண்டு ஆம்பளைங்க காதல். ஒருத்தனாவது சாகலேன்னா ஜனங்க எதுக்குங்க அழுவாங்க?" என்றார் ஒரிஹாரா அம்மா.

நான் கத்தவில்லை. கத்தியிருக்க வேண்டும்.

மார்ச் 5

ஒத்துக்கொண்டுவிட்டேன். ஒசாகா துறைமுகத்தில் இறங்கியதும் குரோகியைச் சுடுகிறார்கள். இல்லாவிட்டால் படமே இல்லையாம். நான் ஒரு இயக்குநர்! தூ.

மார்ச் 9

ஹயாமி போன் செய்தான். நானும் அவனும் குடும்பம் நடத்துவது வருஷக்கணக்காக. என் படம் ஒன்றுகூட அவன் பார்த்ததில்லை.

"இதுலயும் செத்துட்டானா?"

"ஆமா."

"அப்ப நான் வரல, போ. நம்மள மாதிரி ஆளுங்க சாகறதப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு."

கோபம் வந்தது, அவன் மேல் அல்ல. பள்ளிக்கூட நாளில் நான் ஒளிந்து ஒளிந்து பார்த்த படங்களில் என்னைப் போன்றவன் ஒருவன்கூட முடிவு வரை மிஞ்சியதில்லை. என் கதியும் அதுதான் என்று நிஜமாகவே நம்பினேன். இப்போது நானே அதைப் படமாக எடுத்து இன்னொருத்தனை நம்ப வைக்கப் போறேனா? என்ன பொழப்பு இது?

மார்ச் 14

இன்று நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

காட்சி இதுதான். மருந்துக்கடையின் பின்னறையில் குரோகியும் இசாகாவும் சாக்கே என்கிற அரிசி மதுக் கிண்ணம் எடுத்துச் சகோதரர்களாகிறார்கள். குரோகிக்குத் தெரிந்த ஒரே உறவுமுறை ரௌடிக் கும்பலுடையது. அந்த வழக்கப்படி ஆளுக்கொரு கிண்ணம்; குடித்து முடித்து, வெள்ளைத் தாளில் சுற்றி, மார்புத் துணிக்குள் செருகிக்கொள்ள வேண்டும். கும்பல் சடங்குகளெல்லாம் தெரிந்த கமோ ஐயா காலையிலிருந்து தொண்டை வறளச் சொல்லிக் கொடுத்தார்.

கேமரா ஓடியது. குரோகியாக நடிக்கும் நகுமோ கிண்ணத்தை எடுத்தான். இரண்டு முறை உதட்டில் ஒற்றினான், மூன்றாவது முறை குடித்தான். தாளைத் தொடவே இல்லை. அதே கிண்ணத்தை இரண்டு கையாலும் இசாகாவிடம் நீட்டிவிட்டான். இசாகாவாக நடிக்கும் எனாமி பாவம், என்ன செய்வான்? வாங்கி, அவனும் மூன்று வாயாகக் குடித்தான். குடித்தபின் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள் பாருங்கள், அதை என்னால் எழுதியிருக்க முடியாது.

"டேய், டேய்!" கமோ ஐயா எகிறினார். "அது கல்யாணம்டா! கோயில்ல மாப்பிள்ளையும் பொண்ணும் குடிக்கிறது!"

நகுமோவின் முகம் சிவந்துவிட்டது. "மன்னிச்சிடுங்க ஐயா. போன மாசந்தான் எனக்குக் கல்யாணம் ஆச்சு. கை தானா போயிடுச்சு."

"உன் கை இருக்கட்டும், இவன் எதுக்குக் குடிச்சான்?"

"அவர் குடுத்தாரு, நான் குடிச்சேன்," என்றான் எனாமி.

விழுந்து விழுந்து சிரித்தோம். முறைப்படி இன்னொரு தடவை எடுத்தோம். தப்பே இல்லை. உயிரும் இல்லை.

மார்ச் 20

துறைமுகச் சாவை எடுத்தாயிற்று. நன்றாகவே சாகிறான் நகுமோ. எரிச்சலாக இருக்கிறது.

ஏப்ரல் 27, டோக்கியோ

தொகுப்பில் தப்பாக எடுத்த கிண்ணக் காட்சியைத்தான் வைத்திருக்கிறேன். யாரையும் கேட்கவில்லை. ஒரிஹாரா அம்மா திட்டினால் திட்டட்டும். சாவையும் நீங்களே கேட்டு வாங்கினீர்கள், இதையும் பாருங்கள்.

மே 2

ஒரிஹாரா அம்மா படம் பார்த்தார். கிண்ணக் காட்சியில் கையிலிருந்த காபியைக் கீழே வைத்தார். துப்பாக்கி வெடித்ததும் என் பக்கம் திரும்பி,

"என்ன சார் இது? கல்யாணம் பண்ணி வச்சு, கப்பல விட்டு இறங்கினதுமே கொல்றீங்க? ஜனங்க நம்ம ரெண்டு பேரையும் செருப்பாலயே அடிப்பாங்க."

"நானா கொல்றேன்? நீங்கதானேம்மா கேட்டீங்க!"

"அப்ப அவங்க அண்ணன் தம்பிங்க. இப்ப கல்யாணம் ஆனவங்க. வெட்டுங்க அத, அந்தச் சாவ."

என்ன சொல்வது இந்த மனுஷியை? இரண்டு மாதம் என் உயிரை எடுத்துவிட்டு, 'வெட்டுங்க அத'! சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. மரியாதையாகக் குனிந்து நன்றி சொன்னேன். இனி, நடுவழியில் கப்பலின் மேல்தளத்தில் நின்று குரோகியும் இசாகாவும் உடோன் நூடுல்ஸ் சாப்பிடுகிறார்கள். படம் அங்கேயே முடிகிறது.

அக்டோபர் 11

வெளியாகி இரண்டாம் நாள். பாதி அரங்கு காலி. ஹயாமியை இழுத்துக்கொண்டு போனேன். முடிவைச் சொல்லவில்லை.

கப்பல் காட்சி வந்ததும் அவன் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டான். வெடிச் சத்தத்துக்காகக் காத்திருக்கிறான் என்று புரிந்தது. பெயர்கள் ஓடத் தொடங்கின. பிடியை விடவில்லை. விளக்கு எரிந்தது, கூட்டிப் பெருக்குகிற அம்மாள் உள்ளே வந்தார். அப்போதும் அவன் எழுந்திருக்கவில்லை.

"சுடலையா?"

"சுடல."

"அப்புறம் என்ன ஆச்சு?"

"சாப்பிட்டு முடிச்சாங்க. ஒசாகால இறங்கினாங்க. வீடு தேடினாங்க."

"கெடைச்சுதா?"

"சின்ன வீடுதான்," என்றேன்.