லமான்டுக்கு விட்ட இடம்

கிளீவ்லாந்து
அக்டோபர் 9, 1994

டேய் லமான்ட்,

நல்லா இருக்கியா? சாப்பிட்டியா? பட்டாளத்துக்குப் போனவன்கிட்ட சாப்பிட்டியான்னு கேக்குறது பைத்தியக்காரத்தனம்தான். ஆனா நேத்து உங்கம்மாவை பஸ் ஸ்டாப்புல பார்த்தேன், அவங்க கேக்கச் சொன்னது அது ஒண்ணுதான். கேட்டாச்சு.

வெள்ளிக்கிழமை நம்ம ஸ்கேட்டிங் ஹால்ல நீ இல்லாம முதல் தடவையா மேடை ஏறினேன். ஷோ நடத்துற சைரஸ் அண்ணன் மைக்கைக் கையில வச்சுக்கிட்டுத் தரவே மாட்டேங்குறார். "பக்கை ரோட்டுல மிச்சமிருக்கிற ஒரே வெள்ளக்காரக் குடும்பம் வந்திருக்குப்பா! இவனுக்கு ஜாமீன் நிக்கிறவன் ஜெர்மனிக்குப் போயிட்டான். இப்ப என்ன பண்ணலாம்?"ன்னார். ஹாலே சிரிச்சுது. "ஹங்கேரிக்காரன்னு சொல்லுங்கண்ணே"ன்னேன். "எந்த நாட்டுக்காரனா இருந்தா என்னடா, எங்களை நிறுத்துற மாதிரி போலீஸ் உன் வண்டியை நிறுத்தாதுல்ல?"ன்னார். இன்னும் பெரிய சிரிப்பு.

அவர் சொன்னதுல தப்பென்ன? நீ பக்கத்துல நின்ன வரைக்கும் என் ராப் நல்லா இருக்கா இல்லையான்னு மட்டும்தான் பார்த்தாங்க. நீ இல்லேன்னதும் இவன் யாரு, இவனுக்கு இங்க என்ன வேலைன்னு பார்க்குறாங்க.

கடைசியா நீ எழுதின 'மூலை வீடு' பாட்டைப் பாடினேன். பல்லவியில நீ கத்துவியே அந்த வார்த்தை, கறுப்பர்கள் நீங்க உங்களுக்குள்ள உரிமையா சொல்லிக்கிறது, என்னை மாதிரி ஒருத்தன் வாயில வந்தா பல்லு கொட்டுறது, அந்த இடம் வந்ததும் மைக்கைக் கீழ இறக்கிட்டு சும்மா நின்னேன். தாளம் மட்டும் ஓடிச்சு. அப்புறம் பின்னாடி யாரோ கை தட்ட ஆரம்பிச்சு, எல்லாரும் தட்டினாங்க. இறங்கினதும் சைரஸ் அண்ணன் தோள்ல கையைப் போட்டு, "பையனுக்கு எங்க வாயை மூடணும்னு தெரியுது"ன்னார். அந்த ஒரு பேச்சுக்காக நான் குடையைக்கூட மறந்துட்டு மழையில நனைஞ்சுக்கிட்டே வீடு வந்தேன், மாப்ள.

சீக்கிரம் வந்து சேரு. எனக்குன்னு ஒரு பேர் கிடைச்சா அது இந்த ரோட்டுல கிடைக்கணும். வேற எங்க கிடைச்சாலும் அது கணக்குல சேராது.

உன்
கேப்


பாம்ஹோல்டர், ஜெர்மனி
நவம்பர் 2, 1994

என் ஹங்கேரி மாப்ளைக்கு,

சாப்பிட்டேன்னு அம்மாகிட்ட சொல்லு. எதைன்னு சொல்லாதே.

கூட ஒரே அறையில இருக்கிறவன் மொன்டானாக்காரன். நல்ல பையன். ஆனா நாள் முழுக்க கௌபாய்ங்களோட குதிரைப் பாட்டு கேக்குறான். சேறு, மலை, மூடுபனி, குதிரைப் பாட்டு, இதுதான் என் வாழ்க்கை. பேச்சுத் துணைக்கு ஆளில்லாம சில நாள் நம்ம பாட்டை எனக்கு நானே முணுமுணுத்துக்கிட்டு துப்பாக்கி துடைக்கிறேன். சார்ஜன்ட் பார்த்துட்டு, "என்னப்பா, ஜெபமா?"ன்னார். ஆமாம் ஐயான்னுட்டேன்.

போன சனிக்கிழமை ஊருக்குள்ள ஒரு டிஸ்கோவுக்குப் போனேன். நாலஞ்சு ஜெர்மன் பசங்க, பேன்ட் இடுப்புல நிக்கல, தொப்பி திரும்பியிருக்கு. என்னைப் பார்த்ததும் ஒருத்தன் ஓடி வந்து, அந்த வார்த்தையைச் சொல்லித்தான் கையே நீட்டினான். அன்பாத்தான்டா சொன்னான். ராப் கேட்டுக் கத்துக்கிட்டானாம். அடிக்கவும் முடியல, சிரிக்கவும் முடியல. வாங்கின பீரை அப்படியே வச்சுட்டு வந்துட்டேன்.

அலபாமாவுல எங்க தாத்தாவைப் பேர் சொல்லி எந்த வெள்ளக்காரனும் கூப்பிட்டதில்ல. அந்த வார்த்தைதான் பேர். அதை நாங்க பிடுங்கி எங்களுக்குள்ள வச்சுக்கிட்டோம். எங்க வீட்டுக்குள்ள நாங்க ஒருத்தரை ஒருத்தர் எப்படி வேணா கூப்பிட்டுக்குவோம். நீ வருஷக்கணக்கா எங்க வீட்டுல சோறு தின்னவன், ஒரு தடவைகூட உன் வாயில அது வந்ததில்ல. அதனாலதான் உனக்காக நான் அந்த ரோட்டுல எல்லார்கிட்டயும் சண்டை போட்டேன். ராப் நல்லா பண்றேன்னு இல்ல. ராப் உன்னைவிட என் தங்கச்சி நல்லா பண்ணுவா.

அந்த இடத்தை அப்படியே வை. யாருக்கும் வாடகைக்கு விடாதே. ஏப்ரல்ல லீவு. வந்து நானே பாடுறேன்.

லமான்ட்


கிளீவ்லாந்து
ஜனவரி 15, 1995

டேய் லமான்ட்,

தங்கச்சி ராப் பண்றதை நான் ஒத்துக்குறேன். அவ என்னைத் திட்டுறதே தாளத்துலதான் வருது.

பெரிய சேதி. எனக்கு மேனேஜர் கிடைச்சிருக்கான்! பேரு டக். வெள்ளக்காரன், கார்ல போன் வச்சிருக்கான். காலேஜ் ஊருங்களா பார்த்துக் கூட்டிட்டுப் போறான். எல்லா இடமும் நிரம்பி வழியுது. டிக்கெட் கிடைக்காம வாசல்ல நிக்கிறாங்க. போஸ்டர்ல என் மூஞ்சி மட்டும் போட்டிருக்கான், உன் படத்தையும் போடுன்னேன், "இல்லாத ஆளை எப்படிப் போடுறது?"ன்னு கேட்டான். கேள்வி நியாயம்தானே?

சிரிப்பு என்னன்னா, பக்கை ரோட்டுல என்னை "வெள்ளக்காரனுக்குப் பரவாயில்ல"ன்னு சொல்றாங்க. காலேஜ்ல "இவன்தான்டா அசல் சரக்கு, அந்தப் பேட்டையிலேயே வளர்ந்தவன்"னு சொல்றாங்க. ரெண்டு இடத்துலயும் நான் என்ன பாடினேன்னு எவனும் கேக்கல. ஷோ முடிஞ்சதும் எல்லாரும் வந்து என் தோளைத் தட்டுறாங்க, அப்புறம் அவங்க கூட்டத்தோட போயிடுறாங்க. நானும் டக்கும் கார்ல ஆறிப்போன பர்கர் தின்னுக்கிட்டு வர்றோம். அவன் போன் பேசிக்கிட்டே வர்றான். உன் ஞாபகம்தான் வருது, போ.

உன் பாட்டுதான் எல்லா இடத்துலயும் ஹிட்டு. உன் பங்கை இப்ப கூட்டமே பாடுது, பார்த்துக்க.

உங்கம்மா நல்லா இருக்காங்க. வாசல்ல பனி அள்ளிப் போட்டேன்.

உன்
கேப்


பாம்ஹோல்டர்
பிப்ரவரி 6, 1995

கேப்,

பனி அள்ளினதுக்கு நன்றி. அம்மா போன்ல சொன்னாங்க.

என் பங்கைக் கூட்டமே பாடுதுன்னு எழுதியிருக்க. அந்தக் கடிதத்தை நாலு தடவை படிச்சுட்டேன், புரியல. பாட்டுல என் பங்கு ஒரே ஒரு வார்த்தைதானே? கூட்டம் எதைப் பாடுது?

சுத்தி வளைக்காம எழுது.

லமான்ட்


கிளீவ்லாந்து
மார்ச் 12, 1995

டேய் லமான்ட்,

கோவிச்சுக்காம கடைசி வரைக்கும் படி.

என் வாயில வரல. ஒரு தடவைகூட வரல. எங்கம்மா மேல சத்தியம். நான் எப்பவும் போல அந்த இடத்தைச் சும்மா விட்டேன். முதல் ஊர்ல முன்வரிசையில ஒருத்தன் கத்தினான், பக்கத்துல இருந்தவங்க சிரிச்சாங்க. அடுத்த ஊர்ல பாதிப் பேர் கத்தினாங்க. நீ போறதுக்கு முன்னாடி நாம பதிவு பண்ணின கேசட்டை வித்துட்டோம், அதுல உன் குரல் இருக்கு, எல்லாருக்கும் மனப்பாடம். இப்ப மொத்த ஹாலும். நான் என்ன பண்ண, ஒவ்வொருத்தன் வாயையும் போய்ப் பொத்தவா?

டக் சொல்றான், ஷோவுலயே உச்சம் அந்த இடம்தான்னு. அவன் சொல்லித்தான் மைக்கை அவங்க பக்கம் நீட்டுறேன். எல்லாப் பாட்டுக்காரனும் கூட்டத்துப் பக்கம் மைக்கை நீட்டுறதுதானே?

ஸ்கேட்டிங் ஹாலுக்குப் போய் ரொம்ப நாளாச்சு. சைரஸ் அண்ணன் கூப்பிடல. நானும் போகல. ரோட்டுல பார்த்தா தலையை மட்டும் ஆட்டுறார்.

நீ ஏப்ரல்ல வந்து என் பக்கத்துல நில்லு. நீ நின்னா எவனுக்கும் கத்துற தைரியம் வராது. எல்லாம் பழையபடி ஆயிடும்.

உன்
கேப்


கிளீவ்லாந்து
ஏப்ரல் 12, 1995

கேப்,

ஒரு வாரம் முன்னாடியே லீவு கிடைச்சுது. உனக்குச் சொல்லல. திடீர்னு மேடையில ஏறி உன்னை அழ வைக்கணும்னு ஆசை. சனிக்கிழமை மாமாவோட காரை வாங்கிக்கிட்டு, போஸ்டரைப் பார்த்து நீ பாடுற காலேஜ் ஊருக்கு வந்தேன்.

வாசல்ல ஒரு பொண்ணு, "நீங்க செக்யூரிட்டியா?"ன்னு கேட்டா. உள்ள எங்க ஆளு யாராவது இருக்காங்களான்னு தேடினேன். காலி கிளாஸ் பொறுக்கிட்டு ஒரு பெரியவர் இருந்தார். ரெண்டு பேரும் கண்ணாலேயே வணக்கம் சொல்லிக்கிட்டோம். நீ நல்லாப் பாடினடா. அதை மறைக்க மாட்டேன், எனக்குப் பெருமையா இருந்துச்சு. கூட்டத்தை விலக்கிக்கிட்டு மேடைப் பக்கம் வந்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

அப்ப நம்ம பாட்டு வந்துச்சு. நீ கண்ணை மூடிக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு மைக்கை நீட்டின.

அவங்க சந்தோஷமாக் கத்துறாங்க, மாப்ள. கோபமாக் கத்தியிருந்தா எனக்குப் பழக்கம்தான், சமாளிச்சிருப்பேன். அவ்வளவு சந்தோஷமாக் கத்தினதைத்தான் தாங்க முடியல. என் காதுக்குப் பக்கத்துல ஒருத்தன் கழுத்து நரம்பு புடைக்கக் கத்திட்டு, திரும்பி என்னைப் பார்த்துட்டான். வெலவெலத்துப் போய், "தப்பா எடுத்துக்காதீங்க, பாட்டுல வருது"ன்னான். நான் எழுதின பாட்டு. என்கிட்டயே சொல்றான். கிளாஸ் பொறுக்குற பெரியவரைப் பார்த்தேன். அவர் நிமிரவே இல்ல. தினமும் கேக்குறார் போல.

உன் வாயில வரலேன்னு எழுதியிருந்த. நிஜம்தான், வரல. அத்தனை பேர் வாயில வர வச்சது உன் கை. உன் பக்கத்துல வந்து நில்லுன்னும் எழுதியிருந்த. எதுக்கு? பயிர்ல நட்டு வைக்கிற பொம்மை மாதிரியா?

வெள்ளிக்கிழமை ஸ்கேட்டிங் ஹாலுக்கு வா. சைரஸ் அண்ணன்கிட்ட பேசிட்டேன், மைக் தருவார். அதே பாட்டைப் பாடு. அதே மாதிரி மைக்கை நீட்டு, எங்கம்மா முன்னாடி, என் தங்கச்சி முன்னாடி. அங்க நீட்ட முடியாதுன்னா எங்கயும் நீட்டாதே, அதை அங்க வந்து சொல்லு. நானும் கூட நிப்பேன். ஞாயித்துக்கிழமை கிளம்புறேன். நீ வரலேன்னா இனிமே எனக்கு எழுதாதே.

இதை உன் வீட்டுக் கதவுக்கடியில தள்ளிட்டுப் போறேன். உங்கம்மா அந்த ஹங்கேரி பாப்ரிக்கா கோழிக் குழம்பு வைக்கிற வாசனை வருது. உள்ள வந்து உட்கார்ந்தா எல்லாத்தையும் மன்னிச்சுடுவேன், அதான் வரல.

லமான்ட்


கிளீவ்லாந்து
மே 20, 1995

லமான்ட்,

எழுதாதேன்னு சொல்லியும் எழுதுறேன். கிழிச்சுப் போடுறதா இருந்தா படிச்சுட்டுக் கிழி.

நீ கூப்பிட்ட அந்த வெள்ளிக்கிழமை வந்தேன்டா. ஹாலுக்கு எதிர்ப்பக்கம் கார்ல உட்கார்ந்திருந்தேன். நீ வாசலுக்கு வந்து வந்து ரோட்டைப் பார்த்துட்டுப் போனதையும் பார்த்தேன். உங்கம்மா உன் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனாங்க. அந்தக் காலேஜ் கூட்டத்துக்கு முன்னாடி எனக்கு ஒரு நாளும் பயம் வந்ததில்ல. என்னைச் சின்ன வயசுலேருந்து பார்த்த அந்தக் கொஞ்சம் பேர் முன்னாடி வந்து நிக்க எனக்குத் துணிச்சல் வரல. காரை எடுத்துட்டுப் போயிட்டேன். இதுக்கு ஒரு சமாதானமும் இல்ல.

போன வாரம் டொலீடோவுல ஷோ. மைக்கை நீட்டல. அப்பவும் கத்தினாங்க. பாட்டை நிறுத்தச் சொன்னேன். "தயவுசெஞ்சு அதைச் சொல்லாதீங்க. அது நம்ம வார்த்தை இல்ல. இந்தப் பாட்டை எழுதினவன் என் நண்பன், அவனுக்கு வலிக்குது"ன்னேன். அப்புறம் முன்னாடி நின்ன பையன் ஒருத்தன், கெட்டவன்கூட இல்ல, நம்ம கேசட்டைக் கையில வச்சிருக்கான், அவன் கேட்டான்: "அதைச் சொல்ல நீ யாருண்ணே? நீயும் எங்களை மாதிரி வெள்ளைதானே?"

ஹாலே கை தட்டிச்சு. அசல் சரக்கு, அசல் சரக்குன்னு கத்தின அதே கூட்டம். பழக்கதோஷத்துல பக்கத்துல திரும்பிப் பார்த்தேன். இந்த மாதிரி கேள்விக்கெல்லாம் எப்பவும் நீதானே பதில் சொல்லுவ. மைக்கைக் கீழ வச்சுட்டு இறங்கிட்டேன். டக் கத்தினான். அவனோட எல்லாம் முடிஞ்சுது.

மூணு மணி நேரம் தனியா பஸ்ல வந்தேன். வர்ற வழி பூரா அந்தப் பையன் கேட்டதையே நினைச்சுக்கிட்டு வந்தேன். இன்னமும் அதேதான். சைரஸ் அண்ணன்கிட்ட கேக்கலாம்னா எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போறது?

உன்கிட்ட மன்னிப்பு கேக்க எழுதல. அதைக் கேக்குற தகுதியை அந்தக் கார்லயே விட்டுட்டேன். அந்தப் பையனுக்கு என்ன பதில் சொல்லியிருக்கணும், லமான்ட்? உனக்குத் தெரிஞ்சா எழுது. தெரியாட்டியும் எழுது.

கேப்