ஏழாம் நாள் நீ குளித்திருக்கலாம்

என் மும்மு, என் செல்ல அக்கா,

இன்று நான் நோன்பு. கேட்டாயா? உன் தங்கை நோன்பு பிடித்திருக்கிறாள், அதுவும் இரத்தம் நிற்காமலே. திட்டாதே, முழுசாகக் கேள்.

உன்னைக் கொண்டுபோன அதே பெரும்பாடு எனக்கும் வந்துவிட்டது. மாதவிலக்கு ஒன்றரை மாதமாக நிற்கவில்லை. உன்னைப் போல மறைத்து வைக்காமல் டாக்டரிடம் போனேன். பயமில்லை, மாத்திரையை நோன்பு திறந்தபிறகு போடலாம் என்றார். ஆனால் தொழுகை? நோன்பு? இரத்தம் நின்றால்தானே? நீ தொழுகை விரிப்பை, அந்த முசல்லாவை, மடித்து பீரோ மேல் போட்டுவிட்டு, "அல்லாவுக்கு நான் வாணாம் போலக்குது" என்று அழுதாயே, அப்படியே நானும் அழுதேன். பள்ளிவாசலில் போய் ஹஜ்ரத்திடம் கேட்கிற காரியமா இது?

கம்பெனியில் பக்கத்து மெஷின் தனம்தான் விடவில்லை. கேன்டீனில் என் தட்டைப் பார்த்தாள். "இன்னாடி, போன வருசம் இந்த மாசத்துல தண்ணி கூட குடிக்கல, இப்ப முட்டை வாங்கினு வர்றே?" என்றாள். சொன்னேன். "உங்காளுங்கள்ல ஒரு டீச்சரம்மா கூடவா இல்ல? போய்க் கேக்காம குந்திக்கினு அழுவுறா பாரு" என்று ஏசினாள்.

ஞாயிற்றுக்கிழமை மீஞ்சூருக்கு ரயிலேறினேன். அங்கே ஒரு வீட்டில் பெண்களுக்கு மார்க்கப் பாடம் எடுக்கும் ஆலிமா இருக்கிறார், நம்மைவிடச் சின்னவர். எல்லோரும் போனபின் குழறிக் குழறிச் சொன்னேன். அவர் கொஞ்சமும் கூசவில்லை. நிறம் மாறி வருகிறதா என்று கேட்டார். ஒரே மாதிரிதான் என்றேன்.

"ஒழுங்கா வந்தப்ப எத்தினி நாளும்மா?"

"ஆறு."

"அப்ப மாசத்துல அந்த ஆறு நாள்தான் உங்களுக்கு விலக்கு. ஏழாம் நாள் குளிச்சிடுங்க. மீதி நாள் ரத்தம் வெறும் நோய்தாம்மா, அது தடையில்ல. ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் சுத்தம் பண்ணி, துணி மாத்தி, கை கால் மொகம் கழுவி ஒளு செஞ்சி தொழுங்க. நோன்பும் பிடிங்க."

நபியவர்களிடமே ஒரு பெண் வந்து இதைக் கேட்டிருக்கிறாராம். அந்தப் பெண் கேட்டுவிட்டார், மும்மு. நாம்தான் ஆளுக்கொரு மூலையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

வீட்டுக்கு வந்து குளித்தேன். தொழுதேன். தரையில் வைத்த நெற்றியை எடுக்கவே மனம் வரவில்லை. இன்று தனம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பட்டினி கிடக்கிறவள் மூஞ்சியா இது, கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்குது என்று சொல்லிச் சிரித்தாள்.

உன்னைப் பற்றியும் கேட்டேன். தெரியாமல் விட்டவளை அல்லாஹ் பிடிப்பானா என்று. "அவன் இரக்கமுள்ளவன், துஆ செய்ங்க. அவங்க விட்ட நோன்பைக் கூடப்பொறந்தவங்க நீங்க பிடிக்கலாம், நம்ம மத்ஹப் சட்டத்துல எடம் இருக்குது" என்றார்.

பிடிக்கிறேன், மும்மு. பெருநாள் கழியட்டும், உடம்பு தேறட்டும். நீ விட்ட ஒவ்வொரு நோன்பையும் உன் பேரில் நான் பிடிப்பேன்.

ஒன்றுமட்டும் ஆலிமாவிடம் கேட்க வாய் வரவில்லை. உன் கடைசி ரமலானில், இரத்தம் போவது மாமனாருக்குத் தெரிந்துவிடுமே என்று வெட்கப்பட்டு, நோன்பாளி மாதிரியே பகலெல்லாம் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தாய். அது நோன்பே இல்லை என்று நீயே என்னிடம் சொன்னாய். அந்தப் பட்டினியை அல்லாஹ் நோன்பாக எடுத்துக்கொண்டானா, அக்கா?

உன் கூடப்பிறந்தவள்,
சபீனா