தங்கவயலுக்குப் போன கார்டு

ஜூலை 4, வெள்ளி

காலையிலிருந்து தூறல். போன வாரம் துவைத்த புடவை இன்னும் ஈரம். ஓசூரைத் தாண்டித் தளியை நெருங்க நெருங்கக் குளிர் கூடும் என்று இங்கே மாற்றல் ஆனபோது சொன்னார்கள். நான்தான் நம்பவில்லை.

ஐந்தாம் வகுப்புக்கு இந்த மாதம்:
– கணக்கு: பின்னம். களி உருண்டையை அரை, கால், அரைக்கால் என்று அறுத்துக் காட்டுவது. களி யார் கொண்டு வருவது? கேட்க வேண்டும்.
– பூகோளம்: பள்ளிக்கூட வாசல் மண்ணில் நம் ஊர்ப் படம். ஏரி, ரோடு, அந்தப் பக்கம் மைசூர் ராஜ்யம்.
– இயற்கைப் பாடம்: கொட்டாங்குச்சியில் அவரை விதை. தினம் அளந்து எழுத வேண்டும்.
– தமிழ்: கடிதம்.

கடிதத்துக்குப் புத்தகத்தில் இருப்பது விடுமுறை விண்ணப்பம் ஒன்றுதான். பதினாலு பேரில் ஐந்து பேர் வீட்டில்தான் தமிழ். மற்றவர்களுக்குக் கன்னடமும் தெலுங்கும். 'ஐயா, எனக்குக் காய்ச்சலாயிருப்பதால்' என்று எழுத வைத்து என்ன பயன்? நிஜமான கார்டு, நிஜமான ஆளுக்கு. தபாலில் போட வேண்டும். பதில் வர வேண்டும்.

விடுதியில் படித்தபோது அப்பாவின் கார்டுக்காக நான் காத்திருந்தது போல. அப்பா போய் இரண்டு வருடம்.

மண்ணெண்ணெய் வாங்க மறந்துவிட்டேன்.

ஜூலை 7, திங்கள்

வெயில் எட்டிப் பார்த்தது. ஊர்ப் படம் வாசலில். ஏரிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினோம், மண் குடித்துவிட்டது. சுண்ணாம்புக் கோடு எல்லை. அதன் மேல் காலை அகட்டி நின்றுகொண்டு ஒரு பெண், தன் ஒரு கால் மைசூரிலும் ஒரு கால் மெட்ராஸிலும் இருப்பதாகச் சொன்னாள். எல்லோரும் வரிசையாக அப்படி நின்றார்கள். ஹெட்மாஸ்டர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவருக்கு அது சம்மதம் என்று அர்த்தம்.

அவரை ஒன்பது முளை. இரண்டு அழுகல். கன்னடத்தில் அவரே, தெலுங்கில் சிக்குடு. மூன்றையும் சுவரில் எழுதி ஒட்டினேன்.

ஜூலை 11, வெள்ளி

கடிதப் பாடம். பதினாலு கார்டு.

யாருக்கு எழுதுகிறாய் என்று ஒவ்வொருவரையும் கேட்டேன். ஓசூரில் மாமா. சிங்காரப்பேட்டையில் கட்டிக்கொடுத்த அக்கா. ஆனேக்கல்லில் சித்தி. ஒருத்தி தனக்கு வெளியூரில் யாருமே இல்லை என்று அழுதாள். சேலத்தில் என் அம்மாவுக்கு எழுதச் சொன்னேன்.

முனிரத்தினம்மா தன் அப்பாவுக்கு எழுதினாள். மாரப்பன் என்று பேர், தங்கவயலில் சுரங்க வேலை. பண்டிகைக்கு வருவாராம், இரண்டு வருடமாக வரவில்லை. விலாசத்தை வீட்டுத் தகரப்பெட்டியில் கிடந்த பழைய உறையைப் பார்த்து எழுதி வந்திருக்கிறாள். அம்மாவிடம் சொன்னாயா என்றேன். பதில் வந்த பிறகு காட்டினால் அம்மா அசந்துபோகும் என்றாள். நானும் சிரித்தேன்.

வகுப்பில் அவள் கையெழுத்துதான் அழகு. மூன்று வருடம் முன்னால் பேனாவைத் தலைகீழாகப் பிடித்தவளாம்.

அவள் எழுதியது, நினைவில் இருக்கும் வரை: 'அப்பா, நான் ஐந்தாவது படிக்கிறேன். இப்போது எனக்கே எழுத வரும். அம்மா சுகம். நீங்கள் வரும் நாளை எழுதினால் தளி பஸ்ஸுக்கு நான் வந்து நிற்பேன்.'

'வந்து நிர்ப்பேன்' என்று போட்டிருந்தாள். திருத்தினேன்.

ஜூலை 19, சனி

தபால்காரர் இன்று மூன்று கார்டு கொண்டு வந்தார். வகுப்பே எழுந்து நின்றது. ஓசூர் மாமா தெலுங்கில் எழுதியிருக்கிறார், படித்துச் சொல்ல ஹெட்மாஸ்டரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. என் அம்மாவிடமிருந்தும் வந்தது. அந்தப் பெண்ணுக்கு அரைப் பக்கம், என் கல்யாணத்தைப் பற்றி அரைப் பக்கம். பின் பாதியை மறைத்துக்கொண்டு படித்தேன்.

முனிரத்தினம்மாவுக்கு இல்லை. தங்கவயல் தூரம் அல்லவா என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

ஜூலை 23, புதன்

எப்படி எழுதுவது.

மத்தியானம் ஒரு கார்டு. பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்தார்கள். அடியில் 'முனிரத்தினம்மா' என்று கையெழுத்து. அவள் போட்ட கார்டுதான் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தேன். எழுத்து வேறு. பெரிய, கோணல் எழுத்து.

அப்படியே எழுதி வைக்கிறேன்:

'உங்கள் கார்டு வந்தது. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படித்துக் காட்டினேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். கார்டைக் கிழிக்கச் சொன்னார். நான் கிழிக்கவில்லை. உங்கள் பேரும் என் பேரும் ஒன்று. நீங்களும் அப்பா என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் யார்? எங்கள் அப்பாவை எப்படித் தெரியும்? நான் நாலாவது படிக்கிறேன். எங்கள் ஆடு குட்டி போட்டிருக்கிறது. பதில் போடவும்.'

மூன்று தடவை படித்தேன். பாடக்குறிப்பு நோட்டுக்குள் வைத்தேன். பிறகு எடுத்து என் பையில் வைத்தேன்.

பிற்பகல் என்ன நடத்தினேன் என்று நினைவில்லை.

ஜூலை 24, வியாழன்

மழை. அவரைக் கொடி ஒரு சாண்.

முனிரத்தினம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். நேற்றுத் தபால்காரர் வந்தாராமே, தனக்கு ஏதாவது உண்டா என்றாள். இல்லை என்றேன். ஒரு குழந்தையின் முகத்தைப் பார்த்துச் சொன்ன பொய். அப்பாவுக்குப் படிக்க வராது, யாராவது படித்துச் சொல்ல வேண்டும், அதனால்தான் தாமதம் என்று எனக்கே சமாதானம் சொன்னாள். அவர் வந்ததும் தானே கற்றுக்கொடுத்துவிடுவாளாம்.

வீட்டுக்கு வந்து மாரப்பன் எழுதுவது போல ஒரு கார்டு எழுதினேன். 'என் கண்ணே' என்று ஆரம்பித்தேன். நாலு வரி. படித்துப் பார்த்தேன். அடுப்பில் போட்டேன்.

எழுத வைத்தது நான். கார்டு வாங்கிக் கொடுத்தது நான். பிள்ளைகளுக்குப் பாடம் சுவையாக இருக்க வேண்டுமாம்.

ஜூலை 27, ஞாயிறு

அவள் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். கோவிந்தம்மா. கேழ்வரகுக் கொல்லையில் களையெடுத்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமையில் டீச்சர் வரப்பில் வந்ததைப் பார்த்ததும் பிள்ளை ஏதோ தப்புச் செய்துவிட்டாள் என்று பயந்துபோனாள். தப்பு என்னுடையது என்று சொல்லி, கடிதப் பாடத்தைச் சொல்லி, கார்டைப் படித்துக் காட்டினேன். பேர் ஒன்று என்ற வரியையும் அடியில் இருந்த கையெழுத்தையும் மட்டும் படிக்கவில்லை.

களைக்கொத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"தெரியுங்க டீச்சரம்மா. அங்க ஒருத்தி இருக்கான்னு மூணு வருசமாத் தெரியும். புள்ளைக்குத்தான் சொல்லல."

இன்னொரு களையைக் கொத்திப் போட்டாள்.

"நாலாவதா படிக்குது அந்தப் புள்ள?"

ஆமாம் என்றேன். விரலை மடக்கிப் பார்த்தாள்.

"அப்போ இவ தொட்டில்ல கெடந்தப்பவே."

பிறகு அந்தக் குழந்தையின் பேரைக் கேட்டாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். கேட்டவளிடம் எப்படி மறைப்பது? சொன்னேன்.

அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். மண்ணைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அது அவரோட அம்மா பேருங்க. இவளைப் பேர் சொல்லியே கூப்புட மாட்டாரு, ஆயின்னுதான் கூப்புடுவாரு. என்னை மறந்தாலும் அந்தப் பேரை மறக்க மாட்டாரு, அதுக்காவது வருவாருன்னு இருந்தேன். அதையும் அங்க வெச்சுட்டாரா."

அழவில்லை. நான்தான் அழுதேன். அவள் எழுந்து முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, கார்டைக் கொடுக்கச் சொன்னாள். பிள்ளைக்குத் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள். "நீங்க அழுவாதீங்க டீச்சரம்மா. புள்ளைக்கு எழுதக் கத்துக்குடுத்தீங்க. அதுல இன்னா குத்தம்?" என்றாள்.

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

ஜூலை 30, புதன்

டிப்டி இன்ஸ்பெக்டர் வந்தார். ஊர்ப் படம் பார்த்தார், அவரைக் கொடி பார்த்தார். கடிதப் பாடத்தைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகளுக்கு வந்த பதில்களை ஒவ்வொன்றாகப் படித்தார். பதினாலில் பதின்மூன்று வந்துவிட்டனவே, அருமை என்றார். மற்றப் பள்ளிக்கூடங்களுக்கும் அனுப்ப மாதிரிப் பாடக்குறிப்பு எழுதித் தரச் சொன்னார். நோக்கம், உபகரணங்கள், செய்முறை, கண்ட பயன்.

ஹெட்மாஸ்டருக்குச் சந்தோஷம்.

முனிரத்தினம்மா திங்கள் முதல் வரவில்லை. அவள் இடம் காலி. இன்ஸ்பெக்டர் அங்கேதான் தன் தொப்பியை வைத்தார்.

ஆகஸ்டு 1, வெள்ளி

இன்றும் வரவில்லை. அவள் கொட்டாங்குச்சிக்கு நான் தண்ணீர் ஊற்றினேன்.

பாடக்குறிப்பில் முதல் மூன்று பகுதி முடிந்தது. 'கண்ட பயன்' என்று தலைப்புப் போட்டுக் கோடு கிழித்தேன். அதற்கு மேல் ஓடவில்லை.

சேலத்திலிருந்து அம்மாவின் கார்டு. படிக்கவில்லை.

ஆகஸ்டு 4, திங்கள்

நல்ல வெயில்.

வந்தாள். தலை வாரி, பூ வைத்து. இடத்தில் உட்கார்ந்து, கொடியை அளந்து, விட்டுப்போன நாட்களுக்குக் கோடு போட்டாள். இடைவேளையில் எல்லோரும் வெளியே போன பிறகு என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இன்னொரு கார்டு குடுங்க டீச்சரம்மா."

யாருக்கு என்றேன்.

"அந்தப் புள்ளைக்கு. எனக்கு எங்கம்மா சொல்லிடுச்சு. அதுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க இல்ல?"

கொடுத்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதினாள். பழக்கப்படி திருத்தக் கொண்டு வந்து நீட்டினாள்.

'முனிரத்தினம்மாவுக்கு. உன் கார்டு கிடைத்தது. நான் விலாசம் தப்பாக எழுதிவிட்டேன். எங்கள் அப்பா பேரும் மாரப்பன். ஆனால் அவர் வேறு. உங்கள் அப்பாவை ஒன்றும் கேட்காதே. ஆட்டுக்குட்டிக்குப் பனி ஆகாது, சாக்குப் போர்த்து. பதில் போட வேண்டாம்.'

பிழை ஒன்றும் இல்லை என்றேன்.

தபால் பெட்டி வரை கூடவே போனேன். கை எட்டவில்லை. தூக்கிப் பிடித்தேன், அவளே போட்டாள்.