பிள்ளையார் கண்ணில் மருந்து

ஆவணி 10, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். தாம்பரம் மார்க்கெட்டில் குன்றிமணிக் கண் வைத்த களிமண் பிள்ளையார், குடை, எருக்க மாலை வாங்கியாயிற்று. அருகம்புல் மறந்துவிட்டேன். கேஸ் புக் செய்ய வேண்டும்.

இவருக்குத் திங்கட்கிழமை மூன்றாவது கீமோ. வர மாட்டாராம். சிறுசேரி ஆபீசிலிருந்து பிள்ளை ரமேஷ் ஏதோ கட்டுரை அனுப்பியிருக்கிறான். குன்றிமணியில் உள்ள புரதம் புற்றுநோய் செல்லைக் கொல்கிறதாம். அதைப் பிடித்துக்கொண்டு, "ஆஸ்பத்திரியில விஷம் ஏத்தறான். மருந்து பாரு, பிள்ளையார் கண்ணுல இருக்கு."

நானும் படித்தேன். பாதி புரியவில்லை. குன்றிமணியைக் கடித்தால் உயிருக்கு ஆபத்து என்பது மட்டும் தெரியும். ரமேஷுக்கு போன். "சும்மா தகவலுக்குத்தாம்மா அனுப்பினேன்." தகவலாம் தகவல்!

ஆவணி 11, புதன்

சதுர்த்தி. கொழுக்கட்டை நன்றாக வந்தது. இவருக்கு வாயில் இரும்பு ருசி, ஒன்றைக் கடித்து வைத்துவிட்டார்.

பால் பொங்கிவிட்டதென்று அடுப்படிக்குப் போய்த் திரும்புவதற்குள் பிள்ளையாருக்கு ஒரு கண் இல்லை.

"வாயத் தொறங்க."

"கையிலதான்டி இருக்கு. ஒண்ணுதானே, என்ன ஆயிடும்?"

பிடுங்கினேன். நல்ல நாளில் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. இன்னொரு கண்ணையும் எடுத்து இரண்டையும் கக்கூஸில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். கண்ணில்லாத சுவாமிக்குத்தான் சாயந்திர தீபாராதனை. அப்பனே, என்மேல் கோபம் வேண்டாம்.

ஆவணி 12, வியாழன்

கீமோவுக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை. அதற்கு மட்டும் வந்தார், டாக்டரம்மாவிடம் வாதாட.

"கட்டுரை பொய்யில்ல சார். ஆனா அந்தப் புரதம் கட்டியையும் கொல்லும், நல்ல குடலையும் கொல்லும். அதுக்கு ஆள் அடையாளம் தெரியாது. கட்டிக்கு மட்டும் எப்படிக் கொண்டுபோறதுன்னுதான் ஆராய்ச்சி நடக்குது."

"உங்க டிரிப்ஸுக்கு மட்டும் தெரியுதா மேடம்? என் முடி என்ன பாவம் பண்ணுச்சு?"

அந்தப் பெண் சிரித்துவிட்டது. பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, அளவு பார்த்துத்தான் தருகிறோம் என்றது. எனக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சல்.

ஆவணி 14, சனி

நேற்றே பிள்ளையாரை வாளியில் கரைத்தாயிற்று. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரே மேளம்.

இட்லிக்கு ஊறப்போடும்போது பின்னால் வந்து நின்றார். "குன்றிமணியும் இல்ல, ஒண்ணும் இல்ல. என்னால முடியலடி." அவ்வளவுதான். டிவி போட்டுக்கொண்டார். இத்தனை நாள் அந்தக் கட்டுரையோடு சண்டை போட்டிருக்கிறேன். மக்கு.

விளக்கேற்றினேன், ஸ்லோகம் பாதியில் நின்றுவிட்டது.

ஆவணி 16, திங்கள்

ஆட்டோ சொல்லியாயிற்று. கஞ்சி, பிளாஸ்க், துண்டு, ஃபைல், வாந்திக்குக் கவர். இவர் பனியனோடு நாற்காலியில்.

கெஞ்சிப் பார்த்தேன். அம்மன் மேல் ஆணை என்றேன். கடைசியில் கோபத்தில், "சரி, நீங்க இருங்க. கட்டில் புக் பண்ணியிருக்கு, வீணாப் போக வேணாம். நான் போய்ப் படுத்துக்கறேன்."

"உனக்கு நரம்பே கிடைக்காதுடி, அவங்க குத்திக் குத்திப் பாப்பாங்க."

"குத்தட்டும்."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "அந்த நீலச் சட்டைய எடு."

விரல் மரத்துப் பட்டன் பிடிபடவில்லை. நான் போட்டுவிடுகிறேன் என்றதற்குக் கையைத் தட்டிவிட்டார். மேல் பட்டன் கீழ் ஓட்டையில். சரி செய்யவில்லை. ஆட்டோ ஹாரன் அடித்ததும் அப்படியே கிளம்பினோம்.