புதன்கிழமை ஜெல்லி

செப்டம்பர் 4

அன்புள்ள பொடிசுக்கு,

அம்மா போன அன்று நீ வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "அம்மா கடைசியா என்னக்கா சாப்பிட்டாங்க?" கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஆப்பிள் ஜெல்லி" என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய்விட்டேன்.

அதற்குப் பிறகு பதினான்கு மாதம் ஓடிவிட்டது. நான் ஃபோன் செய்தால் நீ எடுப்பதில்லை. இப்போது ஒரு தபால் அட்டை. "அந்த ஜெல்லி எப்படிச் செய்யணும்னு எழுது. ஃபோன் வேண்டாம். நல்லா இருக்கேன்." கடைசி இரண்டு வார்த்தைகளையும் மூலையில் இடமில்லாமல் நெருக்கி எழுதியிருக்கிறாய். அதையே மூன்று தடவை படித்தேன்.

சரி, பாடத்துக்கு வருகிறேன். இரண்டு கிலோ ஆப்பிள் வாங்கு. புளிப்பாக, கொஞ்சம் காயாக இருந்தால் நல்லது. தோலைச் சீவாதே, விதையை எடுக்காதே. உறைய வைக்கும் சத்து அங்கேதான் இருக்கிறது. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைதான் பரீட்சையில் முதல் மார்க் வாங்கும் பார், அதுபோல. துண்டு போட்டு, மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, ஸ்லோ குக்கரில் எட்டு மணி நேரம் குறைந்த சூட்டில் விடு. நீ வாங்கி அனுப்பிய அதே குக்கரில்தான் நான் செய்தேன். அது பாட்டுக்கு வேகும், நான் பாட்டுக்கு அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். வெந்ததை மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட்டு, சொட்டுச் சொட்டாக வடியவிடு. பிழிந்தால் கலங்கிவிடும். ஒரு கப் சாற்றுக்கு முக்கால் கப் சர்க்கரை, ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு. சேர்த்துக் காய்ச்சினால் உறைந்துவிடும்.

பதம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். நான் கடைசியாகச் செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அழகாக உறைந்தது, கத்தியால் வெட்டலாம் போல. ஆனால் புதன் காலையில் அரை ஸ்பூன்கூட அம்மாவுக்கு இறங்கவில்லை. உதட்டோரம் வழிந்துவிட்டது. ஆகவே நோயாளிக்கு என்றால் இன்னும் இளகலாக இறக்க வேண்டும். நமக்கு என்றால் வெட்டுகிற பதம்.

எனக்கு முழங்கால் வலி அப்படியேதான். போன வாரம் பஸ்ஸில் ஒருவன் எழுந்து இடம் கொடுத்தான். நான் முப்பத்து நான்கு மார்க் போட்டு ஃபெயிலாக்கியவன். உட்கார்ந்த இடம் முள்ளாகக் குத்தியது.

மறுபடி எழுது. நான்கு வரி போதும்.

அன்புடன்,
அக்கா


செப்டம்பர் 15

டீச்சரக்கா,

உன் ஜெல்லி உறையவே இல்ல. ரெண்டு நாள் வெச்சேன். எட்டு மணி நேரம் வேகவெச்சு, வடிகட்டி, சர்க்கரை போட்டு, திரும்பவும் அதே குக்கர்ல ஊத்தி மூடி வெச்சேன். வேலைக்குப் போயிட்டு வந்து பாத்தா சாறு. மறுநாளும் சாறு. வீடெல்லாம் ஆப்பிள் வாசனை, பாத்திரத்துல ஆப்பிள் கஷாயம். எங்க வீட்டுக்காரர் ரொட்டி மேல ஊத்திச் சாப்பிட்டு, தாடியெல்லாம் ஒட்டிக்கிட்டு, "உங்க அக்கா கெமிஸ்ட்ரி டீச்சர்தானே, இல்ல டிராயிங் டீச்சரா"ன்னு கேக்கறார்.

எங்க தப்பு? நீ எழுதினத எழுத்து விடாம செஞ்சேன்.

ஏன் செய்யறேன்னு நீ கேக்கல. நானே சொல்றேன். அம்மா வாயில கடைசியா எந்த ருசி இருந்துச்சோ அதை ஒருவாட்டி என் வாயில வெச்சுப் பாக்கணும். அவ்வளவுதான். பெரிய காரணம் ஒண்ணும் இல்ல.

ஃபோன் எடுக்காததுக்குக் கோவிச்சுக்காத. உன் குரல் அம்மா குரல் மாதிரியே இருக்கு. அதுவுமில்லாம எனக்கு உன் முகத்துல முழிக்க வெக்கம். ஏழு மாசம் நீ ஒருத்தியா பாத்த. நான் வாரம் ஒருநாள் விருந்தாளி மாதிரி வந்து போனேன். அந்தக் கடைசி வாரம் லீவு கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க. ஓட்டல் பெட்ஷீட் ஒருநாள் துவைக்காம கிடந்தா யாரு செத்துடப் போறா. நான்தான் கேக்கல. வேலைய விட்டு வெளிய வரும்போதெல்லாம் அதையே நினைச்சுக்கறேன்.

கை எரியுது. புது சோப்புத் தூள். மத்தபடி நல்லா இருக்கேன்.

பொடிசு


செப்டம்பர் 22

அன்புள்ள பொடிசுக்கு,

தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது. ஒரு படியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நாற்பது வருடம் பாடம் நடத்தியவள், எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று நினைத்துவிட்டேன். உன் வீட்டுக்காரரிடம் சொல், டிராயிங் டீச்சர் இவ்வளவு மோசமாக இருக்க மாட்டார்.

ஸ்லோ குக்கர் சாறு எடுக்க மட்டும்தான். அதில் எத்தனை நாள் வைத்தாலும் ஜெல்லி உறையாது. மூடி போட்டிருப்பதால் தண்ணீர் வெளியே போகாது, சூடும் போதாது. சர்க்கரை போட்டதும் அகலமான பாத்திரத்துக்கு மாற்றி, அடுப்பில் பெரிய தீயில் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். பள்ளிக்கூட மைதானத்தில் இருநூறு பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் ஓடும்போது அவர்களைக் கைகோத்து நிற்க வைக்க முடியுமா? இடம் குறைந்தால் தானாக ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள். ஜெல்லியும் அப்படித்தான். தண்ணீர் குறைந்தால்தான் பழத்தின் சத்தும் சர்க்கரையும் ஒன்றையொன்று பிடிக்கும். கொதிக்கும்போது மேலே வரும் நுரையைக் கரண்டியால் எடுத்துவிடு. ஒரு தட்டைக் குளிரவைத்து அதில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளு. மேல்தோல் சுருங்கினால் இறக்கிவிடலாம்.

நீ எழுதிய மற்றதைப் பற்றி என்ன சொல்வது என்று தெரியவில்லை. வெட்கப்பட உனக்கு ஒன்றும் இல்லை. அதை நினைத்து நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. நடந்தது நடந்துவிட்டது.

கைக்கு உறை போட்டுக்கொண்டு வேலை செய்யக் கூடாதா?

அன்புடன்,
அக்கா


அக்டோபர் 3

அக்கா,

ஜெல்லி உறைஞ்சிடுச்சு. தட்டுல சொட்டு விட்டேன், சுருங்குச்சு. பாட்டில்ல ஊத்தி ஜன்னல்ல வெச்சா தேன் கலர்ல வெளிச்சம் அந்தப் பக்கமா வருது. ஒரு ஸ்பூன் எடுத்து வாயில வெச்சேன். நாக்குல பட்டதும் கரைஞ்சிடுச்சு. இதைக்கூடவா அம்மாவால முழுங்க முடியலன்னு நினைச்சேன்.

அப்பதான் உன் முதல் லெட்டர எடுத்து மறுபடி படிச்சேன்.

கடைசியா செஞ்சது செவ்வாய்க்கிழமைன்னு எழுதியிருக்க. புதன் காலையில அரை ஸ்பூன் இறங்கலன்னு எழுதியிருக்க. அது எந்த செவ்வாய்? அம்மா போறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை நான் வந்தப்ப என் கையால மூணு ஸ்பூன் சாப்பிட்டாங்க. இன்னும் கேட்டாங்க. அப்போ நீ சொல்றது அம்மா போன அதே வாரத்து செவ்வாய். வேற செவ்வாயே இல்ல.

அந்த புதன்கிழமை சாயங்காலம் அஞ்சரை மணிக்கு, மெஷின் எல்லாம் ஓடிட்டு இருக்கு, நான் ஒரு காதைப் பொத்திக்கிட்டு உனக்கு ஃபோன் பண்ணேன். "லீவு போட்டுட்டு வரவா"ன்னு கேட்டேன். நீ என்ன சொன்ன? "வேண்டாம்டி, அம்மா ஜெல்லி நல்லா சாப்பிடறாங்க. அவசரமே இல்ல. ஞாயித்துக்கிழமை நிதானமா வா"ன்ன. சனிக்கிழமை காலையில அம்மா இல்ல.

பதினாலு மாசமா நான் என்னையே திட்டிக்கிட்டு இருக்கேன் அக்கா. திடீர்னு போயிட்டாங்க, நான்தான் சோம்பேறித்தனமா இருந்துட்டேன்னு. போன லெட்டர்ல அதைத்தான் எழுதினேன். அதைப் படிச்சிட்டு நீ, நுரைய எடு, தட்டைக் குளிர வைன்னு பதில் எழுதற.

ரெண்டு கேள்வி. ஏன் அப்படிச் சொன்ன? அம்மா என்னைக் கேட்டாங்களா?

உதாரணம் எதுவும் சொல்லாம பதில் சொல்லு.

பொடிசு


அக்டோபர் 11

பொடிசுக்கு,

கேட்டாள். உன்னைத்தான் கேட்டாள்.

புதன் மதியம் டாக்டர் வந்து பார்த்தார். "ரெண்டு மூணு நாள்தான் டீச்சர். வரவேண்டியவங்கள வரச்சொல்லிடுங்க" என்றார். நான் தலையாட்டினேன். மாலையில் நீயாகவே கூப்பிட்டாய். உன்னிடம் சொன்னது பொய். வாய் தவறியோ, பயத்திலோ சொல்லவில்லை. தெரிந்தேதான் சொன்னேன்.

ஏழு மாதம் அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்ததும், துடைத்ததும், துணி துவைத்ததும் நான். கண்ணைத் திறக்கும்போதெல்லாம் "பொடிசு வந்துட்டாளா?" என்பாள். ஞாயிற்றுக்கிழமை நீ வந்து மூன்று ஸ்பூன் ஊட்டினால் வாரம் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருப்பாள். நான் ஊட்டியதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இருக்கிற மூன்று நாளாவது அம்மா எனக்கு மட்டும் இருக்கட்டும் என்று நினைத்தேன். எனக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. ஆறு வயதில் நினைக்க வேண்டியதை அப்போது நினைத்தேன்.

வியாழக்கிழமை மூன்று தடவை உன்னைக் கேட்டாள். "வருவா" என்றேன். பிறகாவது உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். நான்கு மணி நேரப் பயணம்தான். கூப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது அவளுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. உள்ளங்கையைத் தடவிப் பார்த்தாள். தினமும் சோப்புத் தண்ணீரில் ஊறி என் கையும் தோல் வெடித்துச் சொரசொரவென்று ஆகியிருந்தது. அவளுக்குத் தெரிந்த டீச்சரின் கை அது இல்லை. துணி துவைக்கிற பெண்ணின் கை அவளுக்கு ஒன்றுதான் தெரியும்.

"பொடிசா?" என்றாள்.

நான் "ஆமாம்மா" என்றேன்.

இல்லை என்று சொல்லியிருந்தால் அவள் முகம் எப்படி ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் சொன்னேன் என்று இத்தனை நாள் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவள் பேசப்போவதைக் கேட்க ஆசைப்பட்டேன். உன்னிடம் எப்படிப் பேசுவாள் என்று ஒருமுறை கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்டேன். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

அன்று வாசலில் நீ கேட்டபோது இதைச் சொல்லியிருக்க வேண்டும். போன கடிதத்திலாவது சொல்லியிருக்க வேண்டும். உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தேன். பிறகு உட்கார்ந்து நுரை எடுப்பதைப் பற்றி எழுதினேன். நீ உன்னைத் திட்டிக்கொண்டிருப்பது எனக்கு வசதியாக இருந்தது. இதைவிட நேராக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மன்னித்துவிடு என்று எழுதி இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். அதைக் கேட்கும் இடத்தில் நான் இல்லை. இந்தக் கடிதத்துக்கு நீ பதில் எழுதாமல் போனால் ஏன் என்று கேட்க மாட்டேன்.

அம்மா உன்னிடம் பேசியதை நான் இவ்வளவு நாள் வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் கீழே எழுதுகிறேன்.

"கையெல்லாம் இப்படி வெடிச்சுப் போச்சேடி. அந்த வேலைய விட்டுத் தொலைன்னா கேக்கறியா. நேரத்துக்குச் சாப்பிடு. நீ வரலன்னு நான் ஒருநாளும் குறையா நினைச்சதில்ல, உனக்கு வேலை இருக்கும்னுதான் நினைச்சேன். இப்ப வந்துட்டல்ல, போதும்."

ஃபோனில் அம்மா குரல் போல ஒலிக்கும் என் குரல் உனக்கு வேண்டாம். உன் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, இந்த நான்கு வரியை மட்டும், அம்மா சொல்வது போல ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்.

அக்கா