யாரிடமும் சொல்லக் கூடாத இடம்

மே 9, வியாழன்

மாலை முழுவதும் சமையலறை மேசையில் தூண்டிலுக்கான ரப்பர் புழுக்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பச்சையா, கத்தரிப்பூ நிறமா? தண்ணீர் இன்னும் கலங்கலாகத்தான் இருக்கிறது, அதனால் கத்தரிப்பூ. பார்ப்பவர்கள் எனக்கு மூளை பிசகிவிட்டது என்பார்கள். பார்க்க இங்கே யார் இருக்கிறார்கள்?

ரீலில் புதுத் தூண்டில் நரம்பு சுற்றியாகிவிட்டது. சனிக்கிழமை ஏரியில் ஜோடி மீன்பிடிப் போட்டி. படகு என்னுடையது, மூளை என் ஜோடி ஓவியுடையது.

என் புருஷன் ஹாய்ட் என்னை விட்டுப் போனபோது வண்டி, துப்பாக்கி, நாய் எல்லாவற்றையும் கொண்டுபோனான். படகை மட்டும் விட்டுவிட்டான். அந்தப் புதியவளுக்குத் தண்ணீரைப் பார்த்தாலே குமட்டுமாம். நல்லது. அந்தப் படகு இல்லாவிட்டால் நான் ஓட்டும் பள்ளிப் பேருந்தின் குழந்தைகளையும் ஓவியையும் தவிர வாரத்தில் ஒரு மனித முகத்தைப் பார்த்திருக்க மாட்டேன். இனி குழந்தைகளும் இல்லை. இந்த மாதக் கடைசியோடு ஓய்வு.

மே 11, சனி

மூன்றாம் இடம்! ஐந்து மீன், ஐந்தும் தண்டியானவை. எல்லாம் ஓவியின் இடத்தில் பிடித்தவை.

அணை கட்டுவதற்கு முன்னால் இருந்த பழைய சாலை ஒன்று ஹாலோவே ஏரிக்கு அடியில் கிடக்கிறது. அது எங்கே திரும்புகிறது என்பது ஓவிக்கு மட்டும் தெரியும். கோடை தொடங்கினால் பாஸ் மீன்கள் கரையை விட்டு இறங்கி அந்த வளைவில் போய் ஒண்டிக்கொள்ளும். கனமான ஈயத்தைத் தரையில் மெதுவாக இழுக்க வேண்டும். அதற்குப் பின்னால் ஒரு முழ நரம்பு, நுனியில் புழு. மீன் கடிப்பது கடி மாதிரியே தெரியாது. யாரோ ஈர வேட்டியைப் பிடித்து இழுப்பது போல ஒரு கனம், அவ்வளவுதான்.

எடை போடும் மேடையில் ஒருவன், பெண்பிள்ளைகள் எந்த இரையில் பிடித்தீர்கள் என்று இளித்தான். "என் புருஷனத்தான் முள்ளுல மாட்டுனோம். அதுக்காவது ஒதவட்டும்"னு சொன்னேன். ஓவிகூடச் சிரித்துவிட்டாள்.

ஓவி ஊரில் முடிவெட்டும் கடை வைத்திருக்கிறாள். நாள் முழுக்கப் பிறர் கதையைக் கேட்டுக் கேட்டு, படகில் ஏறினால் வாயைத் திறக்க மாட்டாள். நான்தான் பேசுவேன். அவள் "ம்" போடுவதுகூடக் கிடையாது. ஆனாலும் கேட்கிறாள் என்று நினைக்கிறேன்.

மே 31, வெள்ளி

பேருந்துச் சாவியைக் கொடுத்துவிட்டேன். கேக் வெட்டினார்கள். கேக்கில் நெல்டா என்ற என் பெயரை 'நெல்லா' என்று எழுதியிருந்தார்கள்.

ஜூன் 4, செவ்வாய்

இன்று நல்ல நாள். ஈயம் வாங்க டூலியின் இரைக்கடைக்குப் போனேன். அங்கே லமார் டீக் இருந்தார். போட்டியில் எப்போதும் முதல் மூன்று பேரில் வருகிறவர், எங்களை ஏறெடுத்தும் பார்க்காதவர். இன்று தானாகவே எனக்கும் சேர்த்துக் காப்பி வாங்கிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். "மிஸ் நெல்டா, தனியா எப்படி இருக்கீங்க? வீட்டுல எல்லாம் சமாளிக்க முடியுதா?" என்று கேட்டார். என் முதுகுவலியைப் பற்றிக்கூட விசாரித்தார். அது எப்படி அவருக்குத் தெரியும்?

மடை திறந்த மாதிரி பேசிவிட்டேன். ஹாய்ட், டல்சாவில் இருக்கும் மகன், ஓய்வு பெற்ற நாளின் கேக், எல்லாம். காப்பி ஆறிப்போனது. பிறகு மீன் பற்றிப் பேச்சு வந்தது. ஈயம் எவ்வளவு கனம், நரம்பு எவ்வளவு நீளம், புழு என்ன நிறம் என்று சொன்னேன். பிறகு அந்த வளைவையும் சொன்னேன். தண்ணீர்த் தொட்டியையும் சிவப்புக் கூரைப் படகுக்கொட்டிலையும் ஒரே கோட்டில் வைத்தால் போதும் என்று.

நல்ல மனுஷர். வண்டியில் ஏறும்போது மட்டும் ஒருமுறை கடையைத் திரும்பிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. பேச்சுவாக்கில் சொன்னதை யார் ஞாபகம் வைத்துக்கொள்ளப் போகிறார்கள்.

ஓவியிடம் சொல்ல வேண்டாம்.

ஜூன் 8, சனி

இன்று அடுத்த போட்டி. புறப்படும் வரிசையில் லமாருக்கு இரண்டாம் எண், எங்களுக்குப் பதினான்கு. நாங்கள் போனபோது அவன் வளைவின் மேல் உட்கார்ந்திருந்தான். ஒருவன் முதலில் வந்து உட்கார்ந்துவிட்டால் அன்றைக்கு அந்தத் தண்ணீர் அவனுடையது. வீச்சுத் தூரத்துக்குள் நாம் போகக் கூடாது. இந்த ஏரியில் எழுதாத சட்டம் அது ஒன்றுதான்.

ஓவி தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாள், சிவப்புக் கூரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"யார்கிட்ட சொன்ன?"

சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம். தோன்றவேயில்லை.

மூன்று மணி வரை கரையோரப் புதர்களில் வீசினோம். குஞ்சு மீன்கள். லமார் ஜெயித்தான். மேடையிலிருந்து இறங்கும்போது தொப்பியைத் தொட்டு "மிஸ் நெல்டா" என்றான். அவ்வளவுதான். முதுகுவலி எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

படகுத் துறையில் ஓவி தன் தூண்டில் ராடுகளை எல்லாம் எடுத்துக்கொண்டாள். வருஷம் முழுக்க என் படகிலேயே கிடக்கும் பழைய ராடையும் எடுத்துக்கொண்டாள்.

அவன் என்னை விசாரிக்கவே இல்லை. ஏரியைத்தான் விசாரிச்சிருக்கான். நான் ஒரு மடச்சி.

ஜூன் 12, புதன்

ஓவி போன் எடுக்கவில்லை. அதனால் முடி வெட்டிக்கொள்ளப் போனேன். வாடிக்கையாளரை வெளியே தள்ள முடியாதல்லவா.

எனக்கு முன்னால் முடி வெட்டிக்கொண்டவளிடம் அவள் பேரனின் பல் வரை ஓவி பேசிக்கொண்டிருந்தாள். நான் உட்கார்ந்ததும் கத்தரிக்கோல் சத்தம் மட்டும். மன்னிப்புக் கேட்டேன், கண்ணாடியைப் பார்த்து. ஒரு பக்கம் வெட்டி முடித்த பிறகு பேசினாள்.

"ஒவ்வொரு குளிர்காலமும் வெரல் வெறைச்சு, ஈயத்த இழுத்து இழுத்துத் தேடின எடம்டீ அது. நீ ஒரு காப்பிக்குக் குடுத்துட்ட."

"காப்பிக்கு இல்ல ஓவி. நான் எப்படி இருக்கேன்னு கேட்டான்."

"ஏன், நான் கேட்டதில்லையா?"

"இல்ல."

சொல்லியிருக்கக் கூடாதோ? கத்தரிக்கோல் நின்றுவிட்டது. பிறகு மறுபடி வெட்டினாள். கழுத்தைத் துடைத்துவிட்டாள். காசு வாங்கிக்கொண்டாள். "அடுத்தவங்க வாங்க" என்றாள்.

முடி நன்றாகத்தான் வந்திருக்கிறது.

ஜூலை 4, வியாழன்

சுதந்திர தினத்துக்கு ஏரியில் வாணவேடிக்கை. படகுகளை எல்லாம் ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு பார்ப்பார்கள். என் படகைக் கட்ட யாரும் இல்லை. வீட்டில் இருந்தேன். குடைமிளகாய் கலந்த பிமென்டோ சீஸ் வைத்து ரொட்டி தின்றேன். சத்தம் மட்டும் கேட்டது.

ஓவி தன் அண்ணன் மகள் டாராவோடு, அவள் படகில், ஜோடிப் போட்டிகளுக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள் என்று டூலி சொன்னார். வருஷக் கடைசி வரைக்கும்.

ஜூலை 20, சனி

ஜோடிப் போட்டியில் ஒற்றையாளாகவும் கலந்துகொள்ளலாம் என்று விதி இருக்கிறது. கலந்துகொண்டேன். காற்று படகைச் சுற்றிச் சுற்றி அடித்தது. ஒரு காலால் மின்மோட்டாரை மிதித்துக்கொண்டு, ஒரு கையால் வீசி, ஈயம் எதில் உரசுகிறது என்று கவனிக்க மூன்றாவதாக ஒரு காது வேண்டும்.

பத்து மணி வாக்கில் ஒரு பெரியது மாட்டியது. நிஜமாகவே பெரியது. படகின் பக்கம் வரை கொண்டுவந்துவிட்டேன். ஒரு கையில் ராடு, வலை பின்னால் கிடந்தது. எட்டவில்லை. முட்டி போட்டுக் கையை நீட்டினேன். அது தலையை ஒரு உதறு உதறியது, முள் என் தொப்பியில் வந்து குத்தி நின்றது.

"ஓவி, வலை"ன்னு கத்தியிருக்கேன். நடு ஏரியில. பக்கத்துப் படகுல இருந்தவன் திரும்பிப் பார்த்தான்.

ஆகஸ்ட் 15, வியாழன்

தினமும் போகிறேன். போட்டிக்காக இல்லை. வீட்டில் இருந்தால் குளிர்சாதனப் பெட்டியின் உறுமலைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

ஈயத்தை மாற்றிவிட்டேன். டங்ஸ்டன் குண்டு. ஈயத்தைவிடச் சின்னது, கெட்டி. ஈயம் எல்லாவற்றையும் மழுப்பிவிடும். இது சேறு, மணல், கல் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கைக்குச் சொல்கிறது. பின்னல் நரம்பு போட்டால் இன்னும் துல்லியம். ஆனால் முன்னால் ஒரு முழம் கண்ணாடி நரம்பு கட்டாவிட்டால் தண்ணீர் தெளிந்த நாளில் மீன் நம்புவதில்லை. முடிச்சை எச்சில் தொட்டு இறுக்க வேண்டும்.

இதையெல்லாம் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மகன் போன் செய்தபோது டங்ஸ்டன் என்று ஆரம்பித்தேன். "அம்மா, லைன்ல இன்னொரு கால் வருது" என்றான்.

செப்டம்பர் 19, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்.

பழைய ஆற்றுப் பள்ளத்தின் விளிம்பில் இழுத்துக்கொண்டிருந்தேன். சேறு, சேறு, சேறு. திடீரென்று கையில் நறநறவென்று ஏதோ நொறுங்கியது, வறுத்த வேர்க்கடலைத் தோலின் மேல் நடப்பது மாதிரி. சிப்பிகள்! அந்தச் சிப்பித் திட்டு என் சமையலறையைவிடப் பெரிதாக இருக்காது. ஏரித் தரையைக் காட்டும் சோனார் திரையில் ஒன்றுமே தெரியவில்லை, வெறும் தட்டைத் தரை. மறுபடி வீசினேன். நறநற, பிறகு அந்த ஈரக் கனம்.

மீன்கள் வரிசையாக வந்தன. எல்லாவற்றையும் தண்ணீரில் விட்டேன். வீடு வரும் வழியெல்லாம் வண்டிக்குள் தனியாகச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். முழுக் கதையும், ஆரம்பத்திலிருந்து, இரண்டு தரம்.

அக்டோபர் 3, வியாழன்

பெட்ரோல் போடுமிடத்தில் லமார். போன சனிக்கிழமை நான் ஒற்றையாளாக ஐந்தாவது வந்திருந்தேன். "மிஸ் நெல்டா, தனியா எப்படி இருக்கீங்க?" அதே குரல், அதே தலைச்சாய்ப்பு.

நன்றாக இருக்கிறேன் என்றேன். மரினா என்ற படகு நிறுத்தத்துப் பாறைகளில், முங்கி ஓடும் மீன் வடிவக் கட்டை இரையில், சிவப்பு நிறத்தில் பிடித்ததாகச் சொன்னேன். மறைக்கிற மாதிரி கொஞ்சம் தயங்கி, அப்புறம் சொன்னேன். நம்பிவிட்டான்.

பொய் வெண்ணெய் மாதிரி வந்தது. சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. இந்த ஏரியில் இத்தனை படகுகள். எல்லோரும் எல்லோரையும் விசாரிக்கிறோம், ஒருவரும் ஒருவருக்கும் உண்மை சொல்வதில்லை. இனி நானும் அவர்களில் ஒருத்தி. இதற்கு முன்னால் இருந்த தனிமையே தேவலை.

அக்டோபர் 11, வெள்ளி

நாளை வருஷத்தின் கடைசிப் போட்டி. மாலையில் புறப்படும் எண்களைக் குலுக்கிப் போட்டார்கள். ஓவிக்கு மூன்று, எனக்கு முப்பத்தொன்று.

தண்ணீர்க் குழாய் அருகே நின்றிருந்தேன். ஓவி வந்து பக்கத்தில் நின்றாள். ஜூன் மாதத்துக்குப் பிறகு இவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை. டாரா தூரத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுல புடிக்கிற?" என்றாள்.

மரினாப் பாறைப் பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் இப்போது எதிராளி. நாளை என்னைவிட இருபத்தெட்டுப் படகு முன்னால் போகப் போகிறவள். சட்டப்படி யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

எல்லாவற்றையும் சொன்னேன். டங்ஸ்டன், பின்னல் நரம்பு, ஒரு முழம் கண்ணாடி நரம்பு, பச்சைப் புழு. சிப்பிகள் கையில் நொறுங்குவது எப்படி இருக்கும் என்று. கரையில் எந்தக் கருவாலி மரத்தையும் எந்த மின்கம்பத்தையும் ஒரு கோட்டில் வைக்க வேண்டும் என்று. ஒன்றையும் விடவில்லை. கண்டுபிடித்த நாள் வண்டிக்குள் தனியாகப் பேசிக்கொண்டு வந்ததையும் சொன்னேன்.

தரையைப் பார்த்தபடி கேட்டாள். பிறகு டாராவிடம் போய்விட்டாள்.

என்ன செஞ்சு வச்சிருக்கேன் நான்? அதே தப்ப மறுபடியும். இருக்கட்டும். யாரோ ஒருத்தருக்காவது உண்மை சொல்லியாச்சு. தூங்கப் போகிறேன்.

அக்டோபர் 12, சனி

மூன்றாம் எண்ணைக் கூப்பிட்டபோது ஓவியின் படகு நேராகப் பழைய ஆற்றுப் பக்கம் போனது. பார்த்துக்கொண்டே நின்றேன். என் முறை வந்தபோது வெயில் ஏறிவிட்டது. மெதுவாகத்தான் போனேன். முனையைத் திரும்பும்போது அவள் படகு அங்கே இருக்கும், தலையை ஆட்டிவிட்டு வேறெங்காவது போய்விட வேண்டும், முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்று சொல்லிக்கொண்டே போனேன்.

அங்கே யாரும் இல்லை. கருவாலியும் மின்கம்பமும் ஒரே கோட்டில் நின்றன. தண்ணீர் காலியாகக் கிடந்தது.

தூரத்தில், எதிர்க்கரையில், மீனே இல்லாத சேற்றுப் புதர்களை ஒட்டி ஓவியின் படகு. டாரா முன்னால் நின்று சலிப்போடு வீசிக்கொண்டிருந்தாள். ஓவி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

கொஞ்ச நேரம் ராடைத் தொடவே முடியவில்லை. அழுதேன். பிறகு வீசினேன்.

நான்காவது வந்தேன். ஓவிக்கு ஒரே ஒரு மீன், அதுவும் சின்னது. டாரா எல்லோரிடமும் முறையிட்டாள்: "நல்ல எடம் தெரியும்னு கூட்டிட்டுப் போனாங்க. அப்பறம் அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன்னுட்டாங்க. காரணத்தையும் சொல்ல மாட்டேங்குறாங்க."

ஓவி எடைத் தொட்டிக்கு மேல் குனிந்து என் மீன்களை நிதானமாகப் பார்த்தாள். பிறகு, என்னைப் பார்க்காமலே:

"மார்ச்சுல ஏரித் தண்ணிய எறக்கிடுவாங்க. அங்க ஆழம் கொறைஞ்சிடும். நம்ம ரெண்டு பேருக்கும் இதவிடச் சின்ன டங்ஸ்டன் குண்டா வாங்கிப் போடு."

சரி என்றேன்.