இல்வாவுக்கு ஒரு அட்டை நாற்காலி

பெர்கன், 9 ஜனவரி 1996

அன்புள்ள தூருன்னுக்கு,

நான்கு வருஷம் கழித்து என்ன துணிச்சல் என்பாய், சொல், கேட்டுக்கொள்கிறேன். மருத்துவமனை நாற்காலி வர எட்டு மாதமாகுமாம், அதுவரை நம் இல்வாவை மடியில் சாய்த்துத்தான் ஊட்டுகிறாயாம். உன் அக்கா சொன்னாள். என் கிடங்கில் கெட்டி அட்டை மலையாய்க் கிடக்கிறது. முதுகு நிற்காத பிள்ளைக்கு அதில் நாற்காலி செய்யலாம். அவள் அளவுகளை மட்டும் அனுப்பு.

உன் நலம் நாடும்,
எய்விண்ட்

பூடோ, 17 ஜனவரி

எய்விண்ட்,

இடுப்பு அகலம் இருபது சென்டிமீட்டர். இருக்கையிலிருந்து தோள் முப்பத்துமூன்று. முழங்காலிலிருந்து பாதம் இருபத்திரண்டு. இங்கே பனி. நலம்.

தூருன்

பெர்கன், 2 மார்ச்

அன்புள்ள தூருன்னுக்கு,

நாற்காலி இன்று கப்பலேறிவிட்டது! முதலில் செய்த இரண்டும் நான் உட்கார்ந்ததுமே மடங்கின. அட்டைக்குள் ஓடும் நெளிவுகள் செங்குத்தாக நின்றால்தான் பாரம் தாங்குமென்று அப்புறம்தான் புரிந்தது. மூன்றாவதற்கு ஐந்தைந்து அட்டைகளாகச் சேர்த்து ஒட்டினேன். தொண்ணூறு கிலோ ஆள் நானே ஏறி நின்றேன், முனகக்கூட இல்லை. தலைக்கு இருபுறமும் தாங்கல், நெஞ்சுக்குப் பட்டை, பால் சிந்தினால் ஊறாதிருக்க மூன்று பூச்சு வார்னிஷ். அவள் என்ன சொன்னாள் என்று எழுது.

எய்விண்ட்

பூடோ, 14 மார்ச்

எய்விண்ட்,

பெட்டியை அவள் எதிரிலேயே பிரித்தேன். கை தட்டினாள். தூக்கி வைத்தேன், இடுப்பு இறங்கவில்லை. அமுக்கினேன். அழுதாள்.

நான் அனுப்பியது நீ வீட்டைவிட்டுப் போன வருஷத்து அளவு. அப்போது அவளுக்கு மூன்று வயது. இப்போது ஏழு. ஏழு வயதுப் பிள்ளையின் கால் இவ்வளவுதானா என்று ஒரு வரி கேட்பாய் என்று இரண்டு மாதம் தபாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா வேற யாருக்கோ செஞ்சத மாத்தி அனுப்பிட்டாராம்மா?" என்றாள்.

"ஆமாண்டி" என்றேன்.

தூருன்

பெர்கன், 20 மார்ச்

தூருன்,

என்னைத் தண்டிக்கப் பிள்ளையை அழவைத்தாயே! தப்பு என்னுடையதுதான். ஏப்ரல் ஐந்தாம் தேதி அங்கே இருப்பேன். என் கையாலேயே அளந்து வேறு செய்கிறேன்.

எய்விண்ட்

பூடோ, 27 மார்ச்

எய்விண்ட்,

வராதே. நாற்காலியைக் கீழ்வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டேன். மூன்று வயது, கச்சிதமாகப் பொருந்துகிறான். ஏறிக் குதிக்கிறான், அசையவில்லை. கெட்டியாகத்தான் செய்திருக்கிறாய்.

அவளை அழவைத்தேன், உண்மை. அதற்கு நான் படும் வேதனையை உனக்கு எழுத மாட்டேன்.

"அப்பா எப்ப வருவார்?" என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தவள், பெட்டி பிரித்த நாளிலிருந்து கேட்பதில்லை. நான்கு வருஷமாக நான் சொல்லியும் நிற்காதது, உன் நாற்காலியால் நின்றது. அதற்கு மட்டும் நன்றி.

தூருன்